கண்டிச் சீமையின் பாட்டு

திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் ‘கண்டிக்குப் போனான்’ என்றால், தலதா மாளிகையும் ஏரியும் அமைந்த அந்த ஒரு நகரத்துக்குப் போனான் என்று எவரும் பொருள்கொண்டதில்லை. 1820களில் கம்பளையிலும் கன்னொறுவையிலும் காப்பித் தோட்டங்கள் எழுந்த காலந்தொட்டு, இலங்கையின் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்து மலையேறிய ஜனங்களுக்கு மலைநாடு முழுவதுமே கண்டிச் சீமைதான்.

அச்சீமையின் சங்கீதம் எங்கே பிறந்தது என்று கேட்டால், வித்துவான்கள் முகம் சுளித்தாலும் சரி, லயத்து இழவு வீட்டில் என்றே சொல்வேன். (லயம் என்றது தாள லயத்தை அன்று, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளை வரிசையாக அடுக்கிய தோட்டக் குடியிருப்பை.) ஸ்திரீகள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வட்டமாகக் குந்தியிருக்க, ஒருத்தி முதலில் பேசத்தான் செய்வாள். கங்காணியிடம் பட்ட கடனையும், காலையில் வேலை பிரித்துத் தரும் பிரட்டுக் களத்தில் கேட்ட வசவையும், கடலுக்கு அப்பால் விட்டுவந்த தாயையும் இறந்தவனிடம் முறையிட்டுக்கொண்டே வருவாள். சொல்லின் கடைசி எழுத்து நீளும், மூச்சு இழுபடும், மற்றவர்கள் அந்த இழுப்பிலே வந்து சேர்ந்துகொள்வார்கள். பேச்சு எவ்விடத்தில் பாட்டாயிற்று என்பது கேட்டவர்க்கும் தெரியாது, அழுதவளுக்கும் தெரியாது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் உபதேசியின் பேச்சு சூடேறிச் சூடேறிக் கீதமாகிவிடும் என்பார்கள். நம் மலைகளில் அந்த ரசவாதத்தை அரசியல் மேடையில் நிகழ்த்தியவர் மீனாட்சியம்மாள். தஞ்சையிலிருந்து வந்து ‘தேசபக்தன்’ பத்திரிகையை நடத்தி, 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவி, அட்டனை அதன் கேந்திரமாக்கிய கோ. நடேசய்யரின் மனைவி. கணவர் பிரசங்கம் செய்வார். அம்மையாரோ அதே வாதத்தை, ஜனங்கள் முன்பே அறிந்த மெட்டுகளில் ஏற்றிப் பாடுவார். எழுத்தறியாதவன் பிரசங்கத்தை மறந்துவிடலாம். மெட்டோடு காதில் ஏறிய நியாயம் மறுநாள் கொழுந்து மலைக்கும் கூடவே வந்துவிடும்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரா தோட்டத்தை உடைய ஹேவாஹெட்டைப் பக்கத்தில், முல்லோயா தோட்டத்தில், வேலைநிறுத்தத்தின்போது 1940 ஜனவரி 10 அன்று கோவிந்தன் என்ற தொழிலாளி போலீஸ் குண்டுக்குப் பலியானார். அவ்வாண்டிலேயே அம்மையாரின் சிறு பிரசுரம் ஒன்று அச்சேறியது. அதற்கு அவர் இட்ட பெயர் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’. சர்க்காருக்கு எழுதிய மகஜரோ என்று மயங்கி அட்டையைப் புரட்டினால், உள்ளே இருப்பவை பாட்டுகள்.