செயற்கை நுண்ணறிவு ஒழுங்குமுறை

செயற்கை நுண்ணறிவைக் கட்டுப்படுத்த ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வழியில் செல்கிறது. 2024 ஆகஸ்ட் 1-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் பயன்பாடுகளை ஆபத்தின் அளவுப்படி பிரிக்கிறது. அது தடைசெய்த பயன்பாட்டில் ஈடுபடும் நிறுவனத்துக்கு 3.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 7 விழுக்காடு, எது அதிகமோ அதுவரை அபராதம். சீனாவில் 2023 ஆகஸ்ட் முதல் ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவுக்குத் தனி விதிகள் உள்ளன. இந்தியா 2025 நவம்பரில் வழிகாட்டுதல்களோடு நின்றது.

தமிழ்நாடு முந்திக்கொண்டது. அதன் 2020-ஆம் ஆண்டுக் கொள்கை, அரசின் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை ‘டீப்-மேக்ஸ்’ மதிப்பெண் அட்டையால் சோதிக்கச் சொல்கிறது. ஓரிடத்தில் பயின்ற கருவி வேறிடத்து மக்களுக்கும் பொருந்துகிறதா என்பதும் அதில் ஓர் அளவுகோல். இதுவே அதன் பெருஞ்சிறப்பு. அயல்நாட்டு முகங்களில் பயின்ற கேமரா மதுரை வில்லாபுரத்தில் ஆளை மாற்றிக் காட்டினால் அல்லல்படுபவர் இங்குள்ளவர். ஆனால் கொள்கைக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. அரசின் தவறால் பாதிக்கப்பட்டவர் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை நாடலாம்.