கோழிக்குஞ்சின் பால் அறிதலும் மலையக வாழ்வும்

நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் அடைவைத்த முட்டைகள் 21 நாட்களிற் பொரிக்கின்றன. அன்று வெளிவரும் குஞ்சுகளுள் சேவல் எது, பெட்டை எது என்பதை வெறுங்கண்ணாற் சொல்லுதல் அரிது. சில வாரங்கள் சென்று கொண்டை தடித்துச் சிவந்து, கழுத்து இறகு கூர்மை பெறும்போதே ஐயம் தீரும். முட்டையின் வடிவத்தைக் கொண்டே பாலை அறியலாமென்ற நம்பிக்கை மிகப் பழையது. ஆயின், நீண்டு கூரிய முட்டை பெட்டையைத் தருமென்றார் அரிஸ்டோட்டில். சேவலையே தருமென்றார் உரோமானியரான கொலுமெல்லா. பழையோர் தம்முள் முரண்பட்ட இவ்வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டே விடை கண்டது.

லயத்துக் குடும்பத்துக்கு இக்காத்திருப்பால் இழப்பில்லை. குஞ்சு கிளறி மேய்ந்து தன் இரையைத் தேடிக்கொள்ளும். பெட்டையாயின் முட்டையும் குஞ்சும் கிட்டும். சேவலுக்கும் அங்கே இடமுண்டு. கவ்வாத்துத் தொடங்குமுன் கவ்வாத்துச்சாமிக்கும், தொழிற்சாலையில் ரோதைமுனிக்கும் சேவல் பலியிடுவது மலையக வழிபாட்டு மரபு. இரு பாலும் பயன்பட்ட இடத்தில் பிறந்த நாளிலேயே பிரித்தறியும் தேவை எழவில்லை.

அத்தேவையை உண்டாக்கியது உலகப் போர்க்காலத் தீவனப் பஞ்சமாகும். 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதலாம் உலகப் போரின்போது, முட்டையிடாச் சேவற்குஞ்சுகளுக்குத் தீவனமிடுதல் வீண் என்ற எண்ணம் பிரித்தானியாவில் வலுப்பெற்றது. இறகின் நிறத்தாற் பாலை அறியலாமென அப்போது எடுத்துக்காட்டியவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ரெஜினோல்ட் பனெட். உயிரியல் மாணவர் யாவரும் பயிலும் 'பனெட் சதுரம்' இவர் பெயராலேயே வழங்குகின்றது.

பனெட்டுக்கும் இலங்கைக்கும் தொடர்புண்டு. 1909இல் அவர் இங்கு வந்து வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்தார்; அவ்வாய்வு 1910இல் கொழும்பு நூதனசாலையின் 'ஸ்பொலியா செய்லானிகா' இதழில் வெளிவந்தது. எலுமிச்சையினச் செடிகளில் வளரும் ஒருவகை வண்ணத்துப்பூச்சியில் ஆண்கள் யாவும் ஒரே தோற்றமுடையன. பெண்களோ மூன்று தோற்றங்களில் வருவன. பாலும் நிறமும் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதே அங்கு எழுந்த வினா; கோழியாய்வில் எழுந்ததும் அதுவே. எனினும் விடைகள் வேறு. வண்ணத்துப்பூச்சியில் அப்பண்பு இரு பாலிலும் உறைந்து பெண்ணில் மட்டுமே வெளிப்படுகின்றது. கோழியிலோ நிறத்தின் பரம்பரையலகு பால் நிறமூர்த்தத்திலேயே அமைந்துள்ளது.

சேவலில் ஒரே வகைப் பால் நிறமூர்த்தங்கள் இரண்டும், பெட்டையில் அவ்வகையில் ஒன்றும் உள. ஆகவே, பிளிமத் ரொக் இனத்தின் குறுக்குவரியைத் தரும் பரம்பரையலகு தூய இனச் சேவலில் இரட்டையாகவும், பெட்டையில் ஒற்றையாகவும் இருக்கும். பனெட்டும் மைக்கேல் பீஸும் இப்பரம்பரையலகைப் பழுப்பு வரியுடைய கோழியினங்களிற் புகுத்தினர். இவ்வாறு 1930ஐ ஒட்டிக் கம்பைன் இனத்திலிருந்து 'கம்பார்' இனமும், பின்னர் லெக்கோன் இனத்திலிருந்து 'லெக்பார்' இனமும் தோன்றின. லெக்பார் பெட்டைக்குஞ்சின் முதுகில் கரும்பழுப்பு வரிகள் தெளிவாக ஓடும். சேவற்குஞ்சிலோ வரி மங்கி, மேனி வெளிறி, தலையில் வெண்புள்ளி துலங்கும். வேற்றினங்களைக் கலந்து பெறும் நிற வேறுபாடு ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும். இவ்வினங்களிலோ அது தலைமுறைதோறும் தொடரும். தாமே தம் பாலைக் காட்டும் இனங்கள் என இவை பெயர்பெற்றமை இதனாலாகும். முதுகில் வரியோடும் இக்கோலம் காட்டுக்கோழிக் குஞ்சுகளின் பழைய கோலமே. ஹோட்டன் சமவெளிக் காடுகளில் வாழும் இலங்கைக் காட்டுக்கோழியின் குஞ்சிலும் அதனைக் காணலாம்.

இதே காலத்தில் யப்பானியர் வேறு வழி கண்டனர். குஞ்சின் கழிவாயை நோக்கிப் பாலறியும் முறையை மசூயியும் ஹஷிமோட்டோவும் 1927இல் ஒட்டாவாவில் நடைபெற்ற உலகக் கோழி மாநாட்டில் அறிவித்தனர். பயின்ற கைகள் எவ்வினத்துக் குஞ்சையும் விரைவிற் பிரித்தமையால், பெருவணிகப் பண்ணைகள் லெக்பாரை நாடவில்லை. எம்முறையாயினும் விளைவு ஒன்றே: முட்டைப் பண்ணைக்கு வேண்டாத சேவற்குஞ்சுகள் பிறந்த நாளிலேயே கொல்லப்படலாயின. ஜேர்மனி 2022 ஜனவரி முதல் இதனைச் சட்டத்தால் தடைசெய்துள்ளது.

இயற்கை தந்தது வேறுபாடு. அதன்மேல் விலையை ஏற்றியது மனிதர் கணக்கு. லயத்து முற்றத்தில் மதிப்புப்பெற்ற சேவல், பண்ணையிற் கழிவாயிற்று. பறவையோ ஒன்றே. மலையக வரலாறு இவ்வுண்மையை மனிதரிடத்தும் காட்டுகின்றது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் ஆண், பெண், சிறுவர் எனக் கூலி வெவ்வேறாக வகுக்கப்பட்டது. தேயிலைத் தொழில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் விரல்களையே நம்பியிருந்தும், 1984 வரை செக்ரோலில் அவளது நாட்கூலி ஆணினுடையதிலும் குறைவாகவே பதியப்பட்டது. அச்சமமின்மைக்கு நிறமூர்த்தம் காரணமன்று. பாலை அறிதல் விஞ்ஞானத்தின் பணி; அவ்வறிவைக்கொண்டு எவ்வுயிர்க்கு என்ன மதிப்பு அளிப்பதென்பது சமூகம் பொறுப்பேற்றுத் தீர்க்கவேண்டிய வினாவாகும்.