மணல்மணியும் மலைச்சரிவும்

பதுளை மாவட்டத்திலே கொஸ்லந்தைக்கு அணித்தாயுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை, மழையில் ஊறிய மலைச்சரிவு இறங்கி லயங்களை மூடிற்று. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் தப்பினர். அவருட் சிலருக்குத் திரும்பிவர வீடுமில்லை, பெற்றோருமில்லை. ஆண்டாண்டாய்த் திடமாய் நின்ற மண் ஒரு பொழுதிற் கூழாய் ஓடுவது எங்ஙனம்? இவ்வினாவின் வரலாறு ஏறத்தாழ 250 ஆண்டுப் பழமையுடையது.

மின்னியல் நூல்களிற் காணும் கூலோம் என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளரே அதன் முதல்வர். மார்ட்டினிக் தீவிற் கோட்டை கட்டிவிட்டு நாடு திரும்பிய அவர், 1773 இல் பாரிசு அறிவியற் கழகத்திலே ஒரு கட்டுரை சமர்ப்பித்தார். மண்ணின் ஒரு பகுதி மற்றொன்றின்மேல் வழுக்குதலைப் பொறியியலார் கொய்வு என்பர். கொழுந்து கொய்யும் மலையகத்தார்க்குச் சொல் புதிதன்று, பொருள்தான் வேறு. கொய்வைத் தடுப்பன ஒட்டுதலும் உராய்வுமே என்றார் கூலோம். உலர்ந்த மணலுக்கு ஒட்டுதலில்லை, உராய்வே துணை. மேலழுத்தம் மிக, உராய்வும் மிகும்.

நெருங்கிய மணல் கொய்வுறும்போது விரிகிறதென 1885 இல் ஒஸ்போர்ன் ரெய்னோல்ட்ஸ் விளக்கினார். கடற்கரை ஈரமணலிற் கால் வைத்ததும் சுற்றிலும் ஒரு கணம் வெளிறுவது இதனாலேயே. தளர்ந்த மண்ணோ சுருங்கும். இடைவெளியிலுள்ள நீர் வெளியேற வழியின்றேல், சுமை நீரின்மேல் விழும். மொத்த அழுத்தத்தினின்று நீரழுத்தத்தைக் கழித்தால் எஞ்சுவதே மணிகளை இறுக்கி வைக்கும் என்று 1920களிலே தெர்சாகி கணக்கிட்டுரைத்தார். அடைமழையில் நீரழுத்தம் ஏற, உராய்வு தளர்கிறது. மீரியபெத்தையிலும், முன்னொரு காலத்தே மேலிருந்து சரிந்து தங்கிய பாறையும் மணலும் களியும் கலந்த மண்ணே கிடந்தது.

ஆயினும் இவர்கள் அனைவரும் மண்ணை ஒரே பிழம்பாகவே கணக்கிட்டனர். மணிகளைத் தனித்தனியே தொடர்ந்தவர் பீட்டர் கண்டால். 1979 இல் அவரும் ஓட்டோ ஸ்ட்ராக்கும் வெளியிட்ட முறையிலே, கணினிக்குள் ஒவ்வொரு மணியும் ஒரு வட்டு. இரண்டு வட்டுகள் தொடுமிடத்திலே எழும் விசையைக் கணினி காண்கிறது. நியூற்றனின் விதிப்படி அவ்விசை வட்டை எவ்வளவு நகர்த்தும் எனக் கணிக்கிறது. மிகச்சிறு காலம் கடந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. அலுப்பூட்டும் வேலைதான், கணினிக்கு அலுப்பில்லை. எல்லா மணிகளும் சுமையைச் சமமாய்ப் பங்கிடுவதில்லை என்பது இதிற் கண்கூடாகிறது. சங்கிலி போல் அணிவகுத்த சில மணிகளே பெருஞ்சுமை தாங்க, அண்டையிலுள்ளவை சும்மா கிடக்கின்றன. கொய்வு மிகும்போது அச்சங்கிலிகள் வளைந்து முறிகின்றன, புதியன எழுகின்றன. எழ இடமில்லாதபோது மண் ஓடுகிறது.

ஒரு மலைச்சரிவின் மணிகள் அனைத்தையும் இவ்வாறு எண்ணுதல் எக்கணினிக்கும் இயலாது. ஆதலால், ஆபத்துள்ள இடங்களைக் களத்திலே சென்று குறித்தாக வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990 இல் அப்பணியைப் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் ஆரம்பித்தது. மீரியபெத்தை குடியிருப்புக்கு உகந்ததன்று என்று 2005 இலும் 2011 இலும் எச்சரித்தது. எனவே அங்கே குறைபட்டது விஞ்ஞானமன்று. லயத்தவர்க்குச் சொந்தக் காணியில்லை. போகச் சொன்னவர்கள் போகுமிடத்தைக் காட்டவில்லை. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் வந்தபோதும் ஊவா மலைகள் சரிந்தன.

இன்று மழைமானியே முதற்காவல். 24 மணி நேர மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 ஐத் தாண்டினால் ஆயத்தம், 150 ஐத் தாண்டினால் வெளியேற்றம் என வகுத்துள்ளனர். அவ்வளவு எட்டாவிடினும், நிலத்திலே புதுவெடிப்பு, திடீரெனச் சாய்ந்த மரம், தெளிந்த ஊற்றுக் கலங்குதல் ஆகியன மேலே மணிகள் நகரத் தொடங்கியமைக்கு அடையாளங்களாம்.