ஐஸ் கட்டியைவிடக் குளிர்ந்தது ஜெல் பை: முதுகு வலி ஒத்தடப் பைகளைப் பராமரிப்பது எப்படி?

மும்பை: முதுகு வலிக்குக் குளிர் ஒத்தடம் கொடுக்கப் பயன்படும் ஜெல் பைகளை உரிய முறையில் வைத்துப் பராமரிக்காவிட்டால், வலி தணிவதற்காக வாங்கிய பொருளே தோலில் குளிர்க்காயத்தை ஏற்படுத்தக்கூடும்.

டிராம்பேயில் 1954-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, 1967-இல் ஹோமி பாபாவின் பெயர் சூட்டப்பட்ட அணு ஆராய்ச்சி மையத்தின் ஊழியர் குடியிருப்பே அணுசக்தி நகர். அதற்கு அருகில் உள்ள செம்பூரிலும், சற்றுத் தொலைவில் உள்ள மாட்டுங்கா, தாராவியிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வசித்து வருகின்றன. ஹார்பர் வழித்தட ரயிலில் நின்றபடி பயணம் செய்வோர், நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்திருப்போர், தாராவியின் தையல் கூடங்களில் குனிந்தபடி பணியாற்றுவோர் எனப் பலருக்கும் இடுப்பு வலி அறிமுகமான ஒன்று. உலக அளவில் 2020-ஆம் ஆண்டில் 61.9 கோடி பேர் கீழ்முதுகு வலியுடன் வாழ்ந்ததாகவும், 2050-இல் இந்த எண்ணிக்கை 84.3 கோடியாக உயரக்கூடும் என்றும் 'லான்செட் ருமட்டாலஜி' இதழில் 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டுள்ளது.

மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஜெல் பைகள் வலிக்கு உடனடித் துணையாக அமைகின்றன. எனினும், அவை எவ்வளவு குளிர்ச்சியானவை என்பதை வாங்குவோர் பெரும்பாலும் அறிவதில்லை.

உறையாத ஜெல்லின் அபாயம்

ஃப்ரீசரில் இருந்து எடுக்கப்படும் ஐஸ் கட்டி விரைவில் 0 டிகிரி செல்சியஸை எட்டி, முழுவதும் உருகி முடியும்வரை அந்த வெப்பநிலையிலேயே இருக்கும். ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு ஏறத்தாழ 334 ஜூல் வெப்பம் தேவைப்படுவதே இதற்குக் காரணம். ஜெல் பையின் இயல்பு வேறு. அதில் உள்ள தண்ணீருடன் புரோப்பிலீன் கிளைக்கால் போன்ற உறைநிலையைத் தாழ்த்தும் பொருளும், கெட்டிப்படுத்தும் பொருளும் சேர்க்கப்படுகின்றன. அதனால்தான் ஃப்ரீசரில் இரவு முழுவதும் இருந்த பிறகும் பை கல்லாக இறுகாமல் முதுகின் வளைவுக்கு ஏற்ப வளைந்து கொடுக்கிறது. அதே காரணத்தால், மைனஸ் 18 டிகிரியில் இயங்கும் ஃப்ரீசரில் இருந்து வெளியே வரும்போது பையும் அதே வெப்பநிலையில் இருக்கும். தோலின் திசுக்களோ 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே சென்றாலே உறையத் தொடங்கிவிடும். கையில் பிடிக்க மென்மையாக இருக்கும் பை, கடினமான ஐஸ் கட்டியைவிட ஆபத்தானதாக மாறுவது இவ்வாறுதான்.

எனவே, பைக்கும் தோலுக்கும் இடையே ஒரு துணி எப்போதும் இருக்க வேண்டும். பருத்தித் துண்டை இரண்டாக மடித்துப் பயன்படுத்தினால் போதுமானது. ஒத்தடம் 15 முதல் 20 நிமிடங்களைத் தாண்டக் கூடாது. மீண்டும் வைப்பதற்கு முன் குறைந்தது ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். முதலில் குளிர்ச்சி, பின்னர் எரிச்சல், அதன்பின் ஒருவிதக் குடைச்சல், இறுதியாக மரத்துப்போதல் என உணர்வு படிப்படியாக மாறும். மரத்துப்போன நிலையை எட்டியதும் கடிகாரத்தைப் பார்க்காமல் பையை எடுத்துவிட வேண்டும். தோல் வெளுத்தோ மெழுகு போன்றோ தோன்றினால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். பையின் மீது மல்லாந்து படுப்பது பலரின் வழக்கம். உடலின் எடை இரத்த ஓட்டத்தைக் குறைத்துக் குளிர்க்காயத்துக்கு வழிவகுப்பதுடன், பையின் ஓரத் தையலையும் பிளந்துவிடும். கவிழ்ந்து அல்லது ஒருக்களித்துப் படுத்து முதுகின் மேல் பையை வைப்பதே பாதுகாப்பானது. பையுடன் உறங்கிவிடக் கூடாது.

நீரிழிவு நோயாளிகளுக்கு இந்த எச்சரிக்கை இருமடங்கு பொருந்தும். இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேர் நீரிழிவுடன் வாழ்வதாக, சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்திய ஆய்வு 2023-இல் தெரிவித்தது. நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு எரிச்சலோ வலியோ சரிவரத் தெரியாது. காயம் ஏற்பட்ட பிறகே விவரம் தெரியவரும். இத்தகையோரும், குளிரில் விரல்கள் வெளுத்துப்போகும் ரேனாட் பாதிப்பு உள்ளோரும், குளிர் பட்டால் தடிப்பு எழும் ஒவ்வாமை உள்ளோரும் மருத்துவரைக் கேட்காமல் ஜெல் பையைப் பயன்படுத்துதல் கூடாது.

ஃப்ரீசரில் எங்கே வைப்பது?

முதுகுக்கான பைகள் அளவில் பெரியவை. மும்பை வீடுகளின் சிறிய குளிர்பதனப் பெட்டிகளில் அவற்றுக்கு இடம் கிடைப்பது அரிது. இடம் போதவில்லை என்று நான்காக மடித்துச் செருகினால் மடிப்பு விழும் இடத்தில் பிளாஸ்டிக் நாளடைவில் வெடிக்கும். பையைச் சமதளமாகக் கிடத்தி வைப்பதே சரி. மீன், இறைச்சி ஆகியவற்றின் வாடை படாமலும், கசிந்தால் உணவில் கலக்காமலும் இருக்க, ஜிப் வைத்த தனி பிளாஸ்டிக் உறையில் இட்டு வைக்க வேண்டும்.

ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் வேறொரு தொல்லை உண்டு. ஃப்ரீசரின் சுவரில் படியும் பனியுடன் பை ஒட்டிக்கொள்ளும். கத்தியாலோ கரண்டியாலோ நெம்பி எடுப்பதே பைகளில் ஓட்டை விழுவதற்கான எளிய வழி என்று சொல்லலாம். பெட்டியைச் சற்று நேரம் அணைத்து வைத்தால் பை தானே விடுபடும். பையின் உள்ளே ஜெல் ஒரு பக்கமாகத் திரண்டிருந்தால், அறை வெப்பநிலையில் இளகவிட்ட பின்னரே கையால் நீவிச் சமப்படுத்த வேண்டும். உறைந்த நிலையில் அழுத்தி மடக்குதல் கூடாது.

சூடு, குளிர் இரண்டுக்கும் பயன்படும் எனக் குறிப்பிடப்பட்ட பைகளை மட்டுமே வெந்நீரிலோ மைக்ரோவேவ் அடுப்பிலோ சூடாக்கலாம். ஃப்ரீசரில் இருந்து எடுத்த உடனே சூடாக்கினால் பை வெடிக்கக்கூடும். கையால் தட்டியதும் குளிரும் உடனடிப் பைகள் வேறு வகை. யூரியா அல்லது அம்மோனியம் நைட்ரேட் தண்ணீரில் கரையும்போது குளிர்ச்சி உண்டாகும் அவை ஒரு முறை மட்டுமே பயன்படும்.

மழைக்காலமும் துணி உறையும்

பையைவிட முன்னதாகக் கெடுவது அதன் துணி உறையே. சாந்தாகுரூஸ் வானிலை ஆய்வு மையத்தில் ஜூலை மாத மழையின் சராசரி அளவு 800 மில்லிமீட்டருக்கும் அதிகம். அந்த ஈரக்காற்றில் குளிர்ந்த பையின் மீது தண்ணீர் முத்து முத்தாகப் படியும், உறை நனைந்துவிடும். ஈரத்துணி குளிரை வேகமாகக் கடத்துவதால் தோலுக்கான பாதுகாப்பு குறைகிறது. நனைந்த உறையைப் பையுடனேயே மீண்டும் ஃப்ரீசரில் வைத்தால் அது விறைத்துப் பனி படியும். வெளியே சுருட்டிப் போட்டால் பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொரு முறையும் உறையைக் கழற்றி மின்விசிறியின் கீழ் உலர்த்துவதும், வாரம் ஒருமுறை துவைப்பதும், மாற்று உறை ஒன்றை வைத்துக்கொள்வதும் மழைக்காலத்தில் உதவும். பையை வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்பு கலந்து துடைத்தால் போதும். துணி துவைக்கும் இயந்திரத்தில் போடக் கூடாது.

தொட்டால் பிசுபிசுப்பு, ஓரங்களில் வெண்மையான கோடு, ஃப்ரீசரில் ஜெல் துளி ஆகியவை கசிவின் அறிகுறிகள். டேப் ஒட்டிச் சமாளிப்பது பயனற்றது; குளிரில் பசை விட்டுவிடும். சில பைகளில் எத்திலீன் கிளைக்கால் இருக்கக்கூடும். இனிப்புச் சுவை கொண்ட அந்தப் பொருள் சிறுநீரகத்தைப் பாதிக்கும் நச்சு. எனவே உள்ளடக்கம் எழுதப்படாத பை கசிந்தால் குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் நெருங்காதவாறு அகற்ற வேண்டும். குழந்தை விழுங்கிவிட்டால் பையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஜெல்லைச் சமையலறைத் தொட்டியில் கொட்டினால், தண்ணீரை உறிஞ்சிப் பல மடங்கு ஊதும் பாலிமர் குழாயை அடைத்துவிடும். பையை வெட்டாமல், இன்னொரு உறையில் கட்டி, ஈரக் குப்பையுடன் சேர்க்காமல் கொடுக்க வேண்டும்.

குளிரா, சூடா?

கீழ்முதுகு வலிக்குக் குளிர் ஒத்தடம் பலன் தருகிறதா என்பதை நிறுவப் போதிய சான்றுகள் இல்லை என்று 2006-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு குறிப்பிட்டது. சூட்டுக்கு ஓரளவு சான்று இருந்தது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் புதிதாகத் தோன்றிய முதுகு வலிக்கு மேலோட்டமான சூட்டையே பரிந்துரைக்கிறது. அடிபட்டு வீங்கிய முதல் ஓரிரு நாட்களில் குளிர் ஒத்தடம் வலியை மரக்கச் செய்யும். நாள்பட்ட பிடிப்புக்கு வெந்நீர்ப் பை பலருக்கு இதமளிக்கிறது. நோயாளிக்கு எது இதமாக உள்ளதோ அதைத் தேர்ந்துகொள்ளலாம்.

காலில் பலவீனம், தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலத்தைக் கட்டுப்படுத்த இயலாமை ஆகியவை வலியுடன் தோன்றினால், தண்டுவடத்தின் அடிப்பகுதி நரம்புகள் நசுங்கியிருக்கக் கூடும். அந்நிலையில் ஒத்தடத்தில் நேரத்தைச் செலவிடாமல் உடனடியாக அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலுடன் கூடிய முதுகு வலி, கீழே விழுந்த பின் ஏற்பட்ட வலி, புற்றுநோய் சிகிச்சை பெற்றவர்களுக்குப் புதிதாகத் தோன்றும் வலி ஆகியவற்றையும் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.