கீழ்வாய் எண்களின் கூட்டலும் கழித்தலும்

ஏறத்தாழ முழுமை என்பதைச் சொல்ல ‘முக்காலே மூணு வீசம்’ என்கிறோம். இது உண்மையில் ஒரு கூட்டல் கணக்கு. வீசம் என்பது பதினாறில் ஒன்று. முக்காலுடன் மூன்று வீசத்தைக் கூட்டினால் 15/16 வரும்; ஒன்று நிறைய இன்னும் ஒரு வீசமே குறை.

ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட எண்களை நம் முன்னோர் கீழ்வாய் எண்கள் என்றனர். கால் 1/4, அரைக்கால் 1/8, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. வீசத்தின் மற்றொரு பெயரான மாகாணி, மாவும் காணியும் சேர்ந்தது: 1/20 + 1/80 = 1/16. விடையே பெயராக நிற்கிறது.

பின்னக் கூட்டலில் இன்றைய குழந்தை பெரும்பாலும் இடறுவது ஓரிடத்தில்தான். 1/8, 1/20 இரண்டையும் கூட்டச் சொன்னால், தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டி 2/28 என்று எழுதிவிடும். வேறுவேறு அளவுள்ள துண்டுகளை முதலில் ஓரினமாக்க வேண்டும் என்பது அதற்குப் புலப்படுவதில்லை. எண்சுவடியின் அளவுகளில் அந்த ஓரினம் முந்திரி. அரைக்கால் 40 முந்திரி, மா 16 முந்திரி. கூட்டினால் 56 முந்திரி, அதாவது மூன்றரை மா. கழித்தால் 24 முந்திரி, அதாவது ஒன்றரை மா. பொதுப் பகுதி என்னும் அருவமான கருத்து இங்கே எண்ணத்தக்க பொருளாகிவிடுகிறது.

இக்கணக்கு ஏட்டளவில் நின்றதன்று. முதலாம் இராசராசனின் (985–1014) தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஊர்களின் மொத்த நிலத்தை வேலி, மா, காணி, முந்திரிகை எனச் சொல்கின்றன. பிறகு ஊர்நத்தம், வாய்க்கால், சுடுகாடு, பறைச்சேரி போன்ற இறையிலி நிலங்களைக் கழித்து, எஞ்சிய நிலத்துக்கு வரி காட்டுகின்றன. நுண்பின்னங்களின் கழித்தலே ஓர் ஊரின் வரிச்சுமையைத் தீர்மானித்தது.

பின்னாளில் ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்தவரை, அணா ஒவ்வொன்றும் ஒரு வீசமாகவே புழங்கியது. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் நூறு காசாகப் பகுக்கப்பட்டது. நூறில் மாகாணி ஆறேகால் காசு, அரைக்கால் பன்னிரண்டரைக் காசு! கடைத்தெருவில் இடமிழந்த இப்பெயர்கள் மெல்ல நாவிலிருந்தும் நழுவின.

ஆனால் பழமையை வியப்பதோடு நின்றுவிடலாகாது. மூன்றில் ஒன்றையோ ஏழில் ஒன்றையோ முந்திரிகளால் சரியாகச் சொல்ல முடியாது. எந்தப் பின்னத்துக்கும் பொருந்துவது இன்றைய பொதுமுறையே. எண்சுவடியை மனனம் செய்த திண்ணைப் பள்ளிகளிலும் பெண்மக்களுக்கும் ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இடமிருக்கவில்லை. கல்வெட்டின் கணக்கில் கழித்தலாக இடம்பெற்ற சேரியின் பிள்ளைகள், பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அக்கணக்கைக் கற்கும் திண்ணையில் ஏற இயலவில்லை. இன்றைய வகுப்பறை எல்லோர்க்கும் உரியது. அது எளிய பேறன்று.

அந்த வகுப்பறைக்குள் மாகாணியை ஒரு நாள் அழைத்துவரலாம் என்பதே என் விருப்பம். நூறு சதுரங்களுக்குப் பதில் முந்நூற்றிருபது சதுரங்கள் வரைந்த தாள் ஒன்று போதும். மாவுக்குப் பதினாறு, காணிக்கு நான்கு எனக் குழந்தை வண்ணம் தீட்டி எண்ணட்டும். இருபது என்று விடை வந்தபின் ‘மாகாணி’ என்னும் பெயரைச் சொல்வோம். தன் மொழி முன்பே போட்டுவைத்த கணக்கைத் தானே போட்டுப் பார்த்த மகிழ்ச்சி அதற்குக் கிட்டும்.