செய்க்கடனும் விண்ணப்பமும்

அரசின் வரவு செலவைக் குடிகள் வினவும் வழக்கம் ஆங்கிலேயர் தந்தது என்பர் சிலர். சோழநாட்டுச் சான்று இக்கூற்றை மறுக்கின்றது. வெள்ளைக்குடி நாகனார் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனைப் பாடிப் பழஞ்செய்க்கடன் வீடுகொண்டார் எனப் புறநானூற்று 35ஆம் பாட்டின் பழங்குறிப்புக் கூறும். படை பெறும் வெற்றி உழவின் பயனே என்பது அவர் காட்டிய ஏது. இஃது இரத்தல் அன்று. அரசின் நலனை அரசனுக்கே உணர்த்தும் வழக்குரை ஆகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வழக்குரை வேற்றுருக் கொண்டது. ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தில் மேலணை கட்டினார். தஞ்சை வயல்களின் நீர்வளம் உறுதிபெற்றது. நீர்ப்பணிக்கு இடும் பொருள் வீண்செலவு அன்று என்பதற்கு இதுவே சான்று. எனினும், வரி தண்டுவதில் கும்பினியார் காட்டிய முனைப்பு, பாசனம், சாலை, கல்வி ஆகியவற்றிற்குச் செலவிடுவதில் இல்லை. இலட்சுமிநரசு செட்டியார் முன்னின்று நடத்திய சென்னைச் சுதேசிச் சங்கம் 1852இல் இக்குறைகளைப் பிரித்தானியப் பாராளுமன்றத்திற்கு விண்ணப்பித்தது.

1853ஆம் ஆண்டுச் சட்டமோ கும்பினியாட்சியையே தொடரச் செய்தது. ஆயினும் விண்ணப்பம் முற்றும் வீணாகவில்லை. பாராளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் அவ்வாண்டில் சென்னை மாகாணத்திற்கு வந்து குடிகளின் நிலையை நேரிற் கண்டார். 1854இல் அவையில் விவாதம் எழுந்தது. வரி தண்டுதற்குச் சித்திரவதை நிகழ்ந்தது உண்மையே என 1855இல் விசாரணைக் குழு உரைத்தது.

நாகனார் அரசனை எதிர்நின்று பாடினார், கடன் நீங்கிற்று. சங்கத்தாரின் முறையீட்டைக் கேட்டதோ, அவர்கட்கு வாக்குரிமையில்லாத கடல்கடந்த அவை. அதனால் அவர்கள் பெற்றது உண்மையின் ஒப்புதல், தீர்வன்று. வாக்குரிமையோடு கூடிய விண்ணப்பமே ஆள்வோரைக் கட்டுப்படுத்த வல்லது என்பதே இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டும் வரலாற்று உண்மையாம்.