எசுப்பிரெசோவுக்கான காப்பிக்கொட்டை

எசுப்பிரெசோவுக்கான காப்பிக்கொட்டை என்பது எசுப்பிரெசோ (எஸ்பிரஸ்ஸோ) என்னும் அடர்காப்பி இறக்குவதற்கு ஏற்றவாறு தெரிந்தெடுத்து வறுக்கப்பட்ட காப்பிக்கொட்டை ஆகும். இப்பெயரில் தனியான காப்பிச்செடி இனமோ வகையோ இல்லை. எந்தக் காப்பிக்கொட்டையையும் எசுப்பிரெசோ இயந்திரத்தில் இட்டு இறக்க இயலும். எனினும் கொட்டை வறுக்கப்பட்ட நாள், வறுப்பின் அளவு, காப்பி இனம், பழத்திலிருந்து கொட்டையைப் பிரித்துப் பதப்படுத்திய முறை ஆகிய நான்கும் கோப்பையின் சுவையைப் பெரிதும் மாற்றுகின்றன. வீட்டில் எசுப்பிரெசோ இறக்குவோர் பலர் இயந்திரத்துக்குப் பெருந்தொகை செலவிட்டும் நல்ல சுவையைப் பெறாமைக்கு, வறுத்துப் பல மாதங்கள் கடந்த கொட்டையைப் பயன்படுத்துவது ஒரு பொதுவான காரணம் ஆகும்.

பெயரும் வரலாறும்

எசுப்பிரெசோ இத்தாலியில் தோன்றியது. நீராவியால் இயங்கும் காப்பி இயந்திரம் ஒன்றுக்குத் தூரின் நகரைச் சேர்ந்த ஆஞ்செலோ மோரியோந்தோ 1884 இல் காப்புரிமை பெற்றார். மிலான் நகரைச் சேர்ந்த லூயிஜி பெட்செரா 1901 இல் ஒவ்வொரு கோப்பையாக இறக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இவை நீராவியின் அழுத்தத்தை மட்டும் நம்பியிருந்தமையால் இன்று அறியப்படும் பொன்னிற நுரை அவற்றில் உருவாகவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் அக்கீலே காஜ்ஜியாவின் நெம்புகோல் இயந்திரங்கள் மிகுந்த அழுத்தத்தைத் தந்தன. அப்போதுதான் கிரேமா எனப்படும் அந்நுரை எசுப்பிரெசோவின் அடையாளமாயிற்று.

தமிழ்நாட்டில் திருமண வீடுகளிலும் தொடருந்து நிலையங்களிலும் நீராவி இயந்திரத்தால் பாலைச் சூடேற்றி நுரைக்கச் செய்து தரும் காப்பியும் நெடுங்காலமாக எஸ்பிரஸ்ஸோ என்றே அழைக்கப்பட்டு வருகிறது. அது பெரும்பாலும் உடனடிக் காப்பித்தூளால் ஆவது. இக்கட்டுரை அழுத்தத்தால் இறக்கப்படும் இத்தாலிய முறைக் காப்பியையே குறிக்கிறது.

கொட்டையின் தரம் ஏன் இன்றியமையாதது

எசுப்பிரெசோவில் ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தில், 90 முதல் 96 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீர், நுண்ணிதாக அரைத்து அமுக்கிய தூளின் ஊடே செலுத்தப்படுகிறது. பரவலாகப் பின்பற்றப்படும் அளவின்படி 18 கிராம் தூளிலிருந்து 25 முதல் 30 நொடிகளுக்குள் சுமார் 36 கிராம் காப்பி பெறப்படுகிறது. அதாவது தூளின் எடையைப் போல இருமடங்கு காப்பி மட்டுமே கோப்பையில் இறங்குகிறது. வடிகட்டித்தாளில் இறக்கும் காப்பியில் இது 15 மடங்கு அளவில் இருக்கும்.

இத்துணை அடர்த்தியில் கொட்டையின் நிறைகளும் குறைகளும் பெருகித் தெரிகின்றன. பழங்கொட்டையின் சலித்த மணம், கருகலின் கசப்பு, வறுப்பு போதாமையால் வரும் கூர்மையான புளிப்பு ஆகியன பாலும் சர்க்கரையும் கலந்த நீர்த்த காப்பியில் மறையலாம், எசுப்பிரெசோவில் மறைவதில்லை.

வறுத்த நாள்

காப்பிக்கொட்டை வறுபடும்போது அதனுள் கரியமில வாயு உருவாகித் தங்குகிறது. வறுத்த பின்னர் அது பல நாட்களுக்குச் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. எசுப்பிரெசோவின் கிரேமா, இவ்வாயுவின் நுண்குமிழ்களைக் காப்பியின் எண்ணெயும் பிற பொருட்களும் சூழ்ந்து நிற்பதால் உண்டாவது ஆகும். எனவே கொட்டையில் எஞ்சியுள்ள வாயுவின் அளவு, காப்பி இறங்கும் விதத்தை நேரடியாகப் பாதிக்கிறது.

* வறுத்த ஓரிரு நாட்களில் வாயு மிகுதியாக இருக்கும். நீர் தூளின் ஊடே சீராகச் செல்லாது. நுரை பொங்கிப் பெருகி விரைவில் அடங்கும். சுவையில் கூர்மை மிகும்.
* ஆழ்ந்து வறுத்த கொட்டை சுமார் ஒரு வாரத்திலும், இளவறுப்புக் கொட்டை சுமார் இரண்டு வாரங்களிலும் எசுப்பிரெசோவுக்கு ஏற்ற நிலையை அடைகின்றன.
* அதன் பின்னர் சில வாரங்கள் நல்ல நிலை நீடிக்கும். வாயு குறையக் குறைய ஆக்சிசன் எண்ணெய்களையும் மணப்பொருட்களையும் கெடுக்கிறது. நுரை மெலிந்து, காப்பி விரைவாக வழிந்து, சுவை தட்டையாகிறது.

இதனால் பொட்டலத்தின் மீது வறுத்த நாள் அச்சிடப்பட்டிருப்பது முதன்மையான தேவையாகும். ‘இந்நாளுக்குள் பயன்படுத்துக’ என்னும் குறிப்பு மட்டும் இருப்பின் கொட்டையின் வயதை அறிய வழியில்லை. அக்கெடு பெரும்பாலும் ஓராண்டோ அதற்கு மேலோ தரப்படுகிறது. பொட்டலத்தில் உள்ள ஒருவழி அடைப்பிதழ், வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாமல் தடுக்கும். அது கெடுவதைத் தாமதப்படுத்துமே அன்றிப் பழைய கொட்டையைப் புதியதாக்காது.

வறுப்பின் அளவு

கொட்டையின் வெப்பம் 200 பாகை செல்சியசை நெருங்கும்போது சோளம் பொரிவதைப் போன்ற முதல் வெடிப்பொலி கேட்கும். ஏறத்தாழ 225 பாகையில் மெல்லிய இரண்டாம் வெடிப்பொலி தொடங்கும். வறுப்பின் அளவை இவ்விரு ஒலிகளையும் கொண்டு பகுக்கலாம்.

* இளவறுப்பு: முதல் வெடிப்பை ஒட்டி நிறுத்தப்படுவது. பழப்புளிப்பும் விளைநிலத்தின் தனி மணமும் மிகும். கொட்டை கடினமாக இருப்பதால் சாரம் இறக்குவது எளிதன்று.
* நடுவறுப்பு: இரண்டு வெடிப்புகளுக்கும் இடைப்பட்டது. இனிப்பும் புளிப்பும் கசப்பும் ஓரளவு சமநிலையில் அமையும்.
* ஆழ்வறுப்பு: இரண்டாம் வெடிப்பின் தொடக்கத்தையோ அதற்கு அப்பாலோ எட்டியது. கசப்பும் புகைமணமும் மிகும். கொட்டையின் மேல் எண்ணெய் மினுமினுக்கும்.

வீட்டுச் சிறு இயந்திரத்தில் புதிதாகப் பழகுவோருக்கு நடுவறுப்பு அல்லது அதைவிடச் சற்று ஆழ்ந்த வறுப்பு ஏற்றது. அது சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்கிறது. எண்ணெய் மிகக் கசியும் கொட்டை அரைக்கும் இயந்திரத்தில் ஒட்டி நாளடைவில் சிக்கல் தரும். ‘எசுப்பிரெசோ வறுப்பு’ என்று பொட்டலத்தில் எழுதப்படுவதற்குப் பொதுவான அளவுகோல் இல்லை. ஒரு கடையின் எசுப்பிரெசோ வறுப்பு மற்றொரு கடையின் நடுவறுப்பாக இருக்கலாம்.

அராபிக்காவும் ரொபஸ்டாவும்

வணிகத்தில் முதன்மையான காப்பி இனங்கள் இரண்டு. அராபிக்காவில் சர்க்கரையும் எண்ணெயும் கூடுதல். மணமும் புளிப்பும் நயமாக இருக்கும். காஃபீன் ஏறத்தாழ 1.2 விழுக்காடு. ரொபஸ்டாவில் காஃபீன் ஏறத்தாழ இருமடங்கு. கசப்பும் திண்மையும் மிகும். கிரேமா தடித்து நெடுநேரம் நிற்கும்.

இத்தாலியின் எசுப்பிரெசோ பெரும்பாலும் கலவைக் கொட்டையால் ஆவது. பொதுவாக வடக்கே அராபிக்கா மிகுந்த கலவையும், தெற்கே ரொபஸ்டா மிகுந்த ஆழ்வறுப்புக் கலவையும் விரும்பப்படுகின்றன. ஆகவே ‘நூறு விழுக்காடு அராபிக்கா’ என்னும் சொல் மட்டும் உயர்தரத்தைக் காட்டாது. நன்கு கழுவிப் பதப்படுத்திய ரொபஸ்டா, குறைகள் மிகுந்த அராபிக்காவைக் காட்டிலும் நல்ல எசுப்பிரெசோ தரக்கூடும். பாலுடன் அருந்துவோருக்குக் கலவையில் ஓரளவு ரொபஸ்டா இருப்பது, பாலின் இனிப்பில் காப்பியின் சுவை அமிழ்ந்துவிடாமல் காக்கும்.

இந்தியக் கொட்டைகள்

இந்தியாவின் காப்பி விளைச்சலில் பெரும்பகுதி கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் மலைப்பகுதிகளில் மரநிழலில் விளைகிறது. விளைச்சலில் ஏறத்தாழ 70 விழுக்காடு ரொபஸ்டா ஆகும். இந்தியக் காப்பியைப் பெருமளவில் வாங்கும் நாடுகளுள் இத்தாலி முதன்மையானது. எனவே இத்தாலியப் பெயர் தாங்கி இறக்குமதியாகும் பொட்டலத்திலும் தென்னிந்தியக் கொட்டை கலந்திருக்க வாய்ப்புண்டு. அது இருமுறை கடல் கடந்து, வறுத்துப் பல மாதங்கள் ஆன பின்னர் இந்திய வீட்டை அடைகிறது.

இந்தியக் கடைகளில் கொட்டையின் பெயரே அதன் இனத்தையும் பதப்படுத்திய முறையையும் உணர்த்துகிறது.

* பிளாண்டேசன்: பழத்தோலை நீக்கிக் கழுவி உலர்த்திய அராபிக்கா. தெளிவான சுவையும் மணமும் உடையது. இதனைத் தொடரும் ஏ, பி, சி என்னும் எழுத்துகள் கொட்டையின் பருமனைக் குறிக்கின்றன. சுவையை நேரடியாகக் குறிப்பதில்லை.
* அராபிக்கா செர்ரி, ரொபஸ்டா செர்ரி: பழத்துடனேயே உலர்த்தியவை. திண்மை கூடுதல்.
* ரொபஸ்டா பார்ச்மெண்ட்: கழுவிப் பதப்படுத்திய ரொபஸ்டா. எசுப்பிரெசோ கலவைக்கு மிகவும் ஏற்றது.
* பீபரி: பழத்தினுள் இரண்டு தட்டைக் கொட்டைகளுக்கு மாறாக ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை. இதுவும் வடிவத்தைச் சுட்டும் பெயரே.

இவையன்றிச் சில சிறப்புத் தரங்களும் உள்ளன. மைசூர் நக்கெட்ஸ் என்பது தெரிந்தெடுத்த பெரிய அராபிக்கா கொட்டை. இதற்கான விளைநிலங்களுள் சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையும் ஒன்று. காப்பி ராயல் என்பது உயர்தர ரொபஸ்டா பார்ச்மெண்ட் ஆகும். மான்சூண்டு மலபார் என்பது, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கடற்கரைக் கிடங்குகளில் கொட்டையைப் பரப்பி ஈரக்காற்று படச்செய்து பெறப்படுவது. கொட்டை உப்பி வெளிர்மஞ்சள் நிறமாகும். புளிப்பு மிகவும் குறைந்து திண்மை கூடும். பாய்மரக் கப்பல்களில் பல மாதங்கள் பயணம் செய்த கொட்டையில் தானாக ஏற்பட்ட மாற்றத்தைக் கரையிலேயே உண்டாக்கும் முறை இது. புளிப்பை விரும்பாதோர் இக்கொட்டையை எசுப்பிரெசோவுக்கு நாடுவர். கூர்க் அராபிக்கா, வயநாடு ரொபஸ்டா, சிக்மகளூர் அராபிக்கா, பாபாபுதன்கிரி அராபிக்கா, அரக்குப் பள்ளத்தாக்கு அராபிக்கா ஆகிய ஐந்தும் 2019 இல் புவிசார் குறியீடு பெற்றன.

சிக்கரி கலந்த தூள்

தென்னிந்திய வடிகட்டிக் காப்பிக்கு விற்கப்படும் தூளில் பெரும்பாலும் சிக்கரி வேரின் தூள் கலந்திருக்கும். இந்திய விதிகளின்படி இத்தகைய கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். வடிகட்டியில் நீர் மெதுவாகச் சொட்டுவதால் சிக்கரி அங்கு நிறமும் திண்மையும் தருகிறது. எசுப்பிரெசோ இயந்திரத்திலோ அது ஈரம் பட்டவுடன் இளகிப் பிசுபிசுத்து வடிகூடையின் நுண்துளைகளை அடைக்கக்கூடும். ஆகையால் எசுப்பிரெசோவுக்குச் சிக்கரி கலவாத, அரைக்காத கொட்டையே உகந்தது.

வாங்கும் முறை

நகரங்களில் உள்ள சிறு வறுப்பகங்கள் பல, வறுத்த நாளைக் குறித்தே கொட்டையை விற்கின்றன. அவை எட்டாத ஊர்களில், கண்முன்னே கொட்டையை வறுத்து அரைத்துத் தரும் பழைய காப்பித்தூள் கடைகள் நல்ல மாற்றாகும். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் வாரந்தோறும் இக்கடைகளில் சிறிதளவே தூள் வாங்கி வந்த வழக்கத்தின் அடிப்படையும் புதுமையே. அங்குக் கேட்டறிய வேண்டியவை வருமாறு:

* கொட்டை எந்த நாளில் வறுக்கப்பட்டது?
* பிளாண்டேசன், பீபரி, ரொபஸ்டா ஆகியவற்றுள் எவை, என்ன விகிதத்தில் உள்ளன?
* அரைக்காமலும் சிக்கரி சேர்க்காமலும் கிடைக்குமா?
* வறுப்பை இளம்பழுப்பிலோ அடர்பழுப்பிலோ நிறுத்தித் தர இயலுமா?

ஒரு முறைக்கு 250 கிராம் வாங்குவது பொருத்தமானது. 18 கிராம் வீதம் அது 13 முறை இறக்கப் போதும். நாளொன்றுக்கு இருமுறை இறக்குவோருக்கு ஏறத்தாழ ஒரு வாரம் வரும். ஒரு கிலோ வாங்கினால் விலை சற்றுக் குறையலாம். மாறாக, இறுதிப் பகுதி சுவையிழக்கும். புதிய கொட்டையின் முதல் ஓரிரு கோப்பைகள் அரைக்கும் அளவைச் சரிசெய்வதில் செலவாகும் என்பதையும் கணக்கிற் கொள்ள வேண்டும்.

சேமிப்பு

காற்று, ஈரம், வெப்பம், ஒளி ஆகிய நான்கும் வறுத்த கொட்டைக்குப் பகை. ஒளிபுகாத, காற்றுப்புகாத கலத்தில் அடுப்புக்கு அப்பால் வைப்பது போதுமானது. குளிர்பதனப் பெட்டியின் சாதாரணத் தட்டில் வைப்பின் பிற உணவுகளின் மணமும் ஈரமும் சேரும். நெடுநாள் வைக்க வேண்டின் ஒரு வாரத்துக்கான பகுதிகளாகப் பிரித்து, இறுக மூடி, உறைபெட்டியில் வைக்கலாம். வெளியே எடுத்த பகுதி அறை வெப்பத்தை அடைந்த பின்னரே திறக்கப்படவேண்டும். இல்லையெனில் கொட்டையின் மேல் நீர் படியும்.

அரைத்தலும் சுவை கொண்டு திருத்துதலும்

அரைத்த தூள் சில மணி நேரத்திலேயே மணத்தின் பெரும்பகுதியை இழக்கிறது. எனவே இறக்குவதற்குச் சற்று முன்னரே அரைத்தல் வேண்டும். சுழலும் கத்தி கொண்ட மிக்சியில் தூள் ஒரே சீராக அமையாது. இரு பல்வெட்டுத் தகடுகளுக்கு இடையே அரைக்கும் இயந்திரமே எசுப்பிரெசோவுக்கு ஏற்றது. விலை குறைந்த இயந்திரங்களுடன் வரும் இரட்டைச்சுவர் வடிகூடை, எத்தூளிலிருந்தும் நுரையைப் பிதுக்கித் தரும். அந்நுரையைக் கொட்டையின் புதுமைக்குச் சான்றாகக் கொள்ளல் ஆகாது.

கொட்டையைக் குறைகூறும் முன்னர் இறக்கிய முறையைச் சோதித்தல் நன்று. 36 கிராம் காப்பி 15 நொடியிலேயே வழிந்து, புளித்து, நீர்த்திருந்தால் மேலும் நுண்ணிதாக அரைக்க வேண்டும். 40 நொடிக்கு மேலாகிக் கசந்து நாவை வறளச் செய்தால் சற்றுப் பருமனாக அரைக்க வேண்டும். நேரமும் அளவும் சரியாக அமைந்த பின்னரும், எத்துணை நுண்ணிதாக அரைத்த போதிலும், நுரை மெலிந்து சுவை தட்டையாகவே இருக்குமாயின் கொட்டை பழையது என முடிவு செய்யலாம். அந்நிலையில் இயந்திரத்தை மாற்றுவதால் பயனில்லை. கொட்டையையே மாற்ற வேண்டும்.